அந்த அரைமணி நேரம்

1986 ஜனவரி 27 இரவு. மறுநாள் காலை ஃப்ளோரிடாவிலிருந்து சேலஞ்சர் விண்வெளி ஓடம் கிளம்ப வேண்டும். அங்கே கடும் குளிர். உந்துராக்கெட்டைச் செய்த மார்ட்டன் தயோகால் நிறுவனத்தின் பொறியாளர்கள் யூட்டாவிலிருந்து தொலைபேசியில் நாசாவிடம் சொன்னார்கள்: இந்தக் குளிரில் ராக்கெட் இணைப்புகளை அடைக்கும் ஓ-ரிங் என்கிற ரப்பர் வளையம் விறைத்துப்போகும், 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவ வேண்டாம்.

‘தலைமை காது கொடுக்கவில்லை’ என்றுதான் இந்தக் கதையை வழக்கமாகச் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. கூட்டம் போட்டார்கள், தரவுகளைப் பார்த்தார்கள், கருத்தும் கேட்டார்கள். நம்ம ஆபீஸ் மீட்டிங் பலவற்றைவிட ஒழுங்காகவே கேட்டார்கள். இடித்துச் சொல்ல ஆளில்லாத அரசனைப் பற்றி வள்ளுவர் கவலைப்பட்டார். இங்கே ஆள் இருந்தார்கள், சொல்லவும் சொன்னார்கள்.

பிறகு என்ன நடந்தது? நாசா அதிகாரிகள் எரிச்சலைக் காட்டினார்கள். ஐந்து நிமிடம் கேட்டுக்கொண்டு தயோகால் இணைப்பிலிருந்து விலகியது. அது அரைமணி நேரம் ஆனது. ராஜர் பாய்ஸ்ஜொலியும் ஆர்னி தாம்ப்சனும் உள்ளே திரும்பவும் வாதாடிப் பார்த்தார்கள். கடைசியில் நான்கு மேலாளர்கள் மட்டும் முடிவெடுத்தார்கள்: ஏவலாம். நாசா தரப்பில், ‘யாருக்காவது மாற்றுக் கருத்து உண்டா?’ என்று கேட்டார்கள். யாரும் பேசவில்லை. மறுநாள் 73 நொடியில் ஓடம் சிதறியது. 7 பேர் போய்விட்டார்கள்.

எல்லாப் பயத்துக்கும் தலையாட்டினால் எந்த ராக்கெட்டும் தரையைவிட்டு எழும்பாது, அதுவும் உண்மைதான். கீழிருந்து வருவதை மறுப்பது தவறே இல்லை. ஆனால் ‘வேண்டாம்’ என்றவர்களிடம் ஆதாரம் கேட்டுக் குடைந்தார்கள். ‘ஏவலாம்’ என்றதும் கையெழுத்துப் போட்டு அனுப்பச் சொன்னார்கள், அவ்வளவுதான். அந்த அரைமணியில் புதுத் தரவு எதுவும் பிறக்கவில்லை. அதே தரவு எப்படி வேறு முடிவைத் தந்தது என்று யாரும் குடையவில்லை. பிடித்த சேதிக்கு ஒரு தராசு, பிடிக்காத சேதிக்கு இன்னொன்று. அறம் பிசகியது அங்கேதான். தன் எரிச்சல் உண்டாக்கிய மௌனத்தையே சம்மதம் என்று கணக்கு எழுதிக்கொண்டது அதைவிட மோசம்.

ஃப்ளோரிடாவில் இருந்த தயோகால் பொறியாளர் ஆலன் மெக்டொனால்டு அன்று கையெழுத்துப் போட மறுத்தார். நடந்ததை விசாரணைக் குழுவிடம் சொன்னார். நிறுவனம் அவரைப் பொறுப்பிலிருந்து நகர்த்தியது. அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர்கள் தலையிட்ட பிறகு, அதே இணைப்பைத் திருத்தி வடிவமைக்கும் வேலைக்கு அவரே தலைவரானார்.

நமக்கு ராக்கெட் எல்லாம் இல்லை. ஆனால் நாளைக்கு டீமில் ஒரு ஜூனியர் வந்து, “ப்ரோ, இது சரியா வராது” என்பான். “எப்படிச் சொல்ற, ப்ரூவ் பண்ணு” என்று நாமும் கேட்போம். கேட்கலாம். ‘எல்லாம் சரியா வரும்’ என்றவனிடமும் அதைக் கேட்டோமா?