கத்தி பிடிப்பவரிடம் சரணாகதியா?

உடலைக் கீறினாலும் வைத்தியர்மேல் நோயாளிக்கு அன்பு குறையாது. விற்றுவக்கோட்டுப் பெருமாள்மேல் தனக்குள்ளதும் அத்தகைய அன்பே என்று பாடினார் குலசேகர ஆழ்வார். பக்திக்கு அது சரி. உடல் எடையைக் குறைக்க இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டியெடுக்கும் ஸ்லீவ் அறுவைக்குச் சம்மதிக்கப் போகிறவருக்கு அது போதுமா?

பிளேட்டோ ஒப்பமாட்டார். ‘சட்டங்கள்’ நூலில் அவர் இரண்டு வகை வைத்தியர்களைக் காட்டுகிறார். அடிமைகளைப் பார்ப்பவர் காரணம் சொல்லாமல் உத்தரவு போட்டுவிட்டு அடுத்த ஆளிடம் ஓடுவார். சுதந்திரக் குடிமக்களைப் பார்ப்பவரோ நோயாளியிடமும் அவர் நண்பர்களிடமும் பேசி, இணங்க வைத்த பிறகே சிகிச்சை தருவார். (முதல் வகைக்கு இன்றும் பஞ்சமில்லை.)

ஆனால் இனிமையாகப் பேசுகிறவரின் கை தேர்ந்த கையாகத்தான் இருக்கும் என்பதில்லை. அமெரிக்காவின் மிச்சிகனில் 20 உடல் பருமன் அறுவை நிபுணர்கள் தங்கள் இரைப்பை பைபாஸ் அறுவை வீடியோக்களைக் கொடுத்தார்கள். யாருடையது என்று தெரியாமலேயே சக நிபுணர்கள் மதிப்பெண் போட்டார்கள். 2013இல் வெளியான முடிவு: கைத்திறனில் கடைசிக் கால்பங்கினரின் நோயாளிகளில் 14.5 சதவீதத்தினருக்குச் சிக்கல். முதல் கால்பங்கினரிடம் 5.2 சதவீதம்தான்.

அப்படியானால் மருத்துவரோடு மனம் ஒட்டுவது வீணா? இல்லை. இந்தச் சிகிச்சை அறுவை அரங்கோடு முடிவதில்லை. வைட்டமின் மாத்திரையும் ரத்தப் பரிசோதனையும் ஆயுசுக்கும் தொடரும். வாந்தியை, விட்டுப்போன மாத்திரையை, திருட்டுத்தனமாய்த் தின்ற இனிப்பைக் கூசாமல் சொல்ல ஓர் ஆள் வேண்டும்.

ஆழ்வார் பெருமாளிடம் கணக்குக் கேட்கவில்லை. நோயாளி கேட்கலாம்: இதுவரை எத்தனை அறுவை, தையலில் கசிந்தால் ராத்திரி யார் வருவார்? முகம் சுளிக்கிற மருத்துவரிடம் தேதி குறிக்கத் தேவையில்லை.