தோற்றவன் கொடுப்பது

வழக்கில் தோற்றவன் எதையாவது கொடுத்தாக வேண்டும். பணம், நிலம், சுதந்திரம், ஏதோ ஒன்று. அமெரிக்கத் தொலைக்காட்சியின் நீதிமன்றங்களில் தோற்றவன் தன் பையிலிருந்து ஒரு டாலர்கூடக் கொடுப்பதில்லை. பின் எதைக் கொடுக்கிறான்?

1957-ல் தொடங்கிய 'டைவர்ஸ் கோர்ட்'டில் வழக்காடியவர்கள் நடிகர்கள். 1981-ல் வந்த 'தி பீப்பிள்ஸ் கோர்ட்' இதை மாற்றியது. லாஸ் ஏஞ்சல்ஸில் நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற ஜோசப் வாப்னர் முன் வந்து நின்றவர்கள், சிறுதொகை வழக்கு மன்றத்தில் நிஜமாகவே மனுப் போட்டவர்கள். அந்த வழக்கை வாபஸ் வாங்கிக்கொண்டு, சொல்லும் தீர்ப்புக்குக் கட்டுப்படுவதாக எழுதிக் கொடுத்துவிட்டு ஸ்டூடியோவுக்கு வந்தவர்கள். சட்டப்படி அது நீதிமன்றம் அல்ல, மத்தியஸ்தம். அங்கியும் மேடையும் அரங்கப் பொருள்கள். தீர்ப்பான தொகையைக் கட்டுவது தயாரிப்பாளர். 1996-லிருந்து 2021 வரை ஓடிய 'ஜட்ஜ் ஜூடி'யிலும் இதே ஏற்பாடுதான். உச்சவரம்பு 5,000 டாலர். இரு தரப்பாருக்கும் பயணச் செலவும் தோன்றியதற்கான கூலியும் உண்டு. பின்னால் உட்கார்ந்து முகம் சுளிப்பவர்களும் கூலிக்கு வந்த துணை நடிகர்களே.

இதைப் 'பொய்' என்று சொல்லி நகர்ந்துவிடுவது சுலபம். நாடகமும்தான் பொய். ஆனால் இங்கே சண்டை நிஜம், வலி நிஜம், தீர்ப்பு கட்டுப்படுத்துவதும் நிஜம். அதற்கும் எல்லை உண்டு. 1999-ல் நியூயார்க்கின் கிங்ஸ் கவுன்டி குடும்ப நீதிமன்றத்துக்கு ஒரு விவகாரம் வந்தது. மத்தியஸ்தத்துக்கு விட்டது பொருள் தகராறு. 'ஜட்ஜ் ஜூடி' மேடையிலோ குழந்தை யாரிடம் இருப்பது என்பது வரை பேச்சு போயிருந்தது. ஒப்படைக்கப்படாததைத் தீர்மானிக்க மத்தியஸ்தருக்கு அதிகாரமில்லை என்றது நீதிமன்றம். ஒரு குழந்தையின் விஷயம் வந்தபோதுதான் அரங்கத்துக்கும் மன்றத்துக்கும் இடையிலுள்ள கோடு கண்ணுக்குத் தெரிந்தது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1989-ல் 'வாஷிங்டன் போஸ்ட்' எடுத்த கருத்துக் கணிப்பில், வாப்னர் யார் என்று தெரிந்தவர்கள் நூற்றுக்கு 54 பேர். சுப்ரீம் கோர்ட்டின் தலைமை நீதிபதி ரென்க்விஸ்ட்டைத் தெரிந்தவர்கள் 9 பேர். மக்களின் அறியாமை என்று இதைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் சுப்ரீம் கோர்ட் இன்றும் காமிராவை உள்ளே விடுவதில்லை. சாதாரண மனிதன் வக்கீல் இல்லாமல் தன் வாயால் தன் நியாயத்தைச் சொல்லி அவன் கண்டது வாப்னரின் மேடையில்தான். அவர் பெரும்பாலும் பொறுமையாகக் கேட்டார். கேட்கப்படுவது சின்ன விஷயமல்ல.

பின்னால் கேட்பது குறைந்து கடிந்துகொள்வது வளர்ந்தது. ஜூடித் ஷைன்ட்லின் நியூயார்க்கில் குடும்ப நீதிமன்ற நீதிபதியாக இருந்தவர். சட்டம் தெரியாதவர் அல்ல. ஆனால் பேச்சை வெட்டுவதும் 'பொய் சொல்கிறாய்' என்று முகத்துக்கு நேரே சொல்வதும்தான் அங்கே நிகழ்ச்சியாயின. தோற்றவன் கொடுப்பது எதை என்பது இங்கே தெரிகிறது: மானத்தை. பணத்தை இன்னொருவர் கட்டிவிடுவதால் தண்டனை வேறு நாணயத்துக்கு மாற்றப்படுகிறது. அந்த நாணயம் ஜெயித்தவனுக்குப் போய்ச் சேர்வதில்லை. நமக்கு வருகிறது.

நானும் ரசித்திருக்கிறேன். வாடகை முன்பணத்தைத் திருப்பித் தராத வீட்டுக்காரன் வாயடைத்து நிற்கும்போது ஏற்படும் திருப்தியைத் தார்மீகக் கோபம் என்றே நம்பியிருக்கிறேன். நியாயத்தின்மீது உள்ள பற்றுதான் அது என்றால், மேல் வீட்டில் அதே அநியாயம் நடந்தபோது நான் ஏன் கதவைச் சாத்திக்கொண்டேன்? அங்கே கோபப்பட்டால் எனக்கு ஏதாவது செலவாகும்: நேரம், உறவு, அமைதி. திரையில் செலவில்லை.

நிஜ நீதிமன்றத்தின் தாமதம் பெரும்பாலும் சோம்பலும் அநீதியும்தான். அதை நான் புனிதப்படுத்தவில்லை. ஆனாலும் அந்தச் சலிப்பில் ஒரு கட்டுப்பாடும் ஒளிந்திருக்கிறது. தீர்ப்புச் சொல்பவன் அதில் இன்பம் காணக் கூடாது என்பதே அது. தொலைக்காட்சி மன்றம் கைவிட்டது சட்டத்தை அல்ல, இந்த ஒன்றை. கைவிட்டதைப் பெற்றுக்கொண்டவர்கள் நாம். எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடாமல், யாருக்கும் எதுவும் கொடுக்காமல்.