பூனை நகமும் நான்காம் வேற்றுமையும்

கோலசிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917ஆம் ஆண்டில் இந்நாட்டின் முதல் வாணிகச் செம்பனைப் பயிர் நடப்பட்டது. பின்னாளில் பால்மரங்களை அகற்றிச் செம்பனை பரவிய தோட்டங்களில், பழக்குலையைக் கொறிக்கும் எலி பெருந்தொல்லையாயிற்று. லயத்துப் பூனைக்கும், இரவில் செம்பனைக் காட்டில் உலவும் சிறுத்தைப் பூனைக்கும் அஃது இரையாயிற்று.

பூனைக்கு நகம் எதற்கு என வினவினால், எலி பிடிப்பதற்கு என்பான் மாணவன். தவறென்று தள்ள இயலாத விடைதான். நடக்கையில் நகம் தேயாதவாறு மீள்தன்மையுள்ள இழையொன்று அதனை உள்ளிழுத்து வைத்திருக்கிறது. தசை இழுத்தாலன்றி அது வெளிவராது. காறையெலும்பு தோளோடு பிணையாமல் தசைக்குள் மிதப்பதால், தலை நுழையும் சந்தில் உடலும் நுழைகிறது. மிக அருகில் வந்துவிட்ட இரையைப் பூனையின் கண் தெளிவாகக் காணாது. அப்போது மீசையும், முன்காலின் பின்புறத்தே மணிக்கட்டருகில் முளைத்துள்ள தடித்த மயிர்களும் இரையின் அசைவை உணர்த்துகின்றன. இவற்றையெல்லாம் காண்போர்க்கு, இயற்கை எதனையும் வீணே செய்வதில்லை என்ற அரிஸ்டாட்டிலின் கொள்கை ஐயமற்றதாகவே தோன்றும்.

ஆயினும் ‘பிடிப்பதற்கு’ என்னுஞ் சொல்லில் ஒரு மயக்கம் உண்டு. நான்காம் வேற்றுமைக்கு நன்னூலார் கூறும் பொருள்களுள் ‘பொருட்டு’ என்பது ஒன்று. ஐந்தாவதற்குரியவற்றுள் ‘ஏது’ ஒன்று. பால்வெட்டும் கத்தி பால்வெட்டுதற்பொருட்டே ஆக்கப்பட்டது. ஆக்கியோன் ஒருவன் அதனை எண்ணி ஆக்கினான். பூனையின் நகமோ, கூரிய நகமுடைய முன்னோர் இரை பெற்றுப் பிழைத்தமையின் நிலைத்தது. 1859இல் டார்வின் உயிரினங்களின் தோற்றம் பற்றிக் கூறியதன் சாரத்தை, பொருட்டு நின்ற இடத்தில் ஏதுவை வைத்தார் எனத் தமிழாசிரியர் எளிதில் விளக்கிவிடலாம்.

இதற்குத் தொலைவில் சான்று தேட வேண்டுவதில்லை. மலாய் நாட்டுப் பூனைகள் பலவற்றின் வால் குட்டையாய், நுனியில் முடிச்சிட்டதுபோற் கோணியிருக்கும். டார்வினும் 1868இல் வெளியிட்ட நூலில் இதனைக் குறித்துள்ளார். ஆசியக் குட்டைவால் பூனைகளை ஆராய்ந்தோர், மரபணு ஒன்றில் நேர்ந்த ஓரெழுத்து மாற்றத்தோடு இவ்வகைக் குறுவாலுக்குத் தொடர்புண்டென்று 2016இல் கண்டனர். கோணல் வாலுக்கு ஏது உண்டு, பொருட்டு இல்லை. அதனாற் பூனைக்கு எக்குறையும் இல்லை.

நகம் பூனைக்குப் பயன்படுகிறது என்பது வேறு. பூனை யாருக்குப் பயன்படுகிறது என்பது வேறு. முன்னதிலிருந்து பின்னதற்குத் தாவுவோர் பலர். தோட்டத்தின் கணக்கும் அவ்வாறே தாவிற்று. விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்றவர் ஆள்கணக்கில் ஒருவர். அவர்தம் கை, பாலின் எடையால் அளக்கப்பட்டது. பூனையின் நகத்தைப் போன்றே அக்கையும் பிறந்த கை. கத்தியைப் போல் ஒருவர் செய்துவைத்த கை அன்று. எனினும் கத்திக்குரிய நியாயமே அதற்கும் வழங்கப்பட்டது. முதுமையால் வேலையினின்று நின்றவர், தம் குடும்பத்தார் எவரும் அத்தோட்டத்தில் உழைக்காவிடின் வீட்டையும் விட்டு நீங்க வேண்டும் என்பது பல தோட்டங்களில் நிலவிய வழக்கம்.

அதே லயத்தில் பல்லுதிர்ந்த கிழப்பூனைக்குக் கருவாட்டுத் தலை கிடைத்துவந்தது. அஃது எலி பிடித்து நெடுநாளாயிற்று என்பதைப் போட்டவர்கள் நன்கறிவர். நான்காம் வேற்றுமையின் பொருள்களில் கொடையும் முறையும் பொருட்டுடன் சேர்த்தே எண்ணப்பட்டுள்ளன. தட்டு வைத்தவர்கள் அவ்விரண்டையும் அறிந்திருந்தனர். வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதமும் அவர்களுக்கே வந்தது.