தொழுகையை விடச் சொல்லாதே

சீடன்: ஹஜ்ரத், அமெரிக்காவில் ஆபாசப் படங்களில் நடித்துவந்த பாகிஸ்தானிய வம்சாவளிப் பெண் ஒருவர், தான் முஸ்லிம்தான் என்று பேட்டிகளில் சொன்னார். அந்தத் தொழிலும் ஈமானும் ஒரே நெஞ்சில் எப்படிக் குடியிருக்கும்?

குரு: முதலில் தொழிலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அது ஹராம். நான்கு மத்ஹபுகளிலும் இதில் இரண்டாவது கருத்து கிடையாது. யாருக்கு ஆறுதல் சொல்வதற்காகவும் இதை வளைக்க எனக்கு அதிகாரம் இல்லை. இனி அந்தப் பிள்ளையைப் பற்றிக் கேள்.

சீடன்: ஹராமான பிழைப்பை விடாதவரை முஸ்லிம் என்று எப்படி ஏற்பது?

குரு: இது பழைய வழக்கு. பெரும்பாவம் செய்தவன் காஃபிர் என்று காரிஜியாக்கள் வாளே எடுத்தார்கள். ஈமான் இருந்தால் பாவம் ஒன்றும் செய்யாது என்றார்கள் முர்ஜியாக்களில் சிலர். பஸ்ராவில் ஹஸன் பஸ்ரீயின் சபையில் இந்தக் கேள்வி எழுந்தபோது, அவன் முஃமினும் அல்ல, காஃபிரும் அல்ல என்று சொல்லிவிட்டு வாஸில் இப்னு அதா தனியே போய் உட்கார்ந்தார். முஃதஸிலாக்கள் அப்படிப் பிரிந்தார்கள் என்பது மரபுச் செய்தி. அஹ்லுஸ் ஸுன்னத் இவர்களில் யாரோடும் போகவில்லை. பாவி முஃமின்தான், தன் பாவத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவனும்தான். ஹராமை ஹராம் என்று ஒப்புக்கொண்டே அதில் விழுந்து கிடப்பவர் மார்க்கத்துக்குள் இருக்கிறார். ஹலால் என்று சாதிக்கத் தொடங்கினால்தான் ஈமானுக்கே ஆபத்து.

சீடன்: தொழுகை மானக்கேடானவற்றைத் தடுக்கும் என்று அன்கபூத் அத்தியாயத்தின் 45-ஆம் வசனம் சொல்கிறதே. தடுக்காத தொழுகையால் என்ன பயன்?

குரு: இரவெல்லாம் தொழுதுவிட்டு விடிந்ததும் திருடப் போகிற ஒருவனைப் பற்றி நபிகள் நாயகத்திடம் வந்து சொன்னார்கள். முஸ்னது அஹ்மதில் இருக்கிறது. வேஷக்காரன், தொழுகையை நிறுத்தச் சொல்லுங்கள் என்று நாயகம் சொல்லவில்லை. அந்தத் தொழுகையே அவனைத் தடுத்துவிடும் என்றார்கள். அந்தப் பிள்ளையிடம் நீ தொழாதே என்பது, கிணற்றில் விழுந்தவளின் கையிலிருக்கும் கயிற்றை அறுப்பதுதான்.

சீடன்: நாய்க்குத் தண்ணீர் கொடுத்த விபசாரி மன்னிக்கப்பட்டாள் என்ற ஹதீஸும் உண்டே. அதைத் தொழிலுக்கு அனுமதியாக எடுத்துக்கொள்ள மாட்டார்களா?

குரு: எந்த ஆலிமும் அப்படி எடுத்ததில்லை. ஆனால் அந்தக் காட்சியை உற்றுப் பார். தாகத்தில் சாகக் கிடக்கிறது ஒரு நாய். அவள் காலணியைக் கழற்றுகிறாள், தன் முக்காட்டால் கட்டி இறக்கித் தண்ணீர் மொண்டு கொடுக்கிறாள். பாவத்தில் இருப்பவளிடம் நன்மைக்கு இடமே இல்லை என்று நினைப்பவனுக்கு அதில் பதில் இருக்கிறது. அதே முக்காட்டை இந்தத் தொழில் என்ன செய்தது பார். 2014-இல் இந்தத் தொழிலுக்குள் வந்த மியா கலீஃபா, லெபனானில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். அவருக்கு ஹிஜாபை மாட்டிப் படம் எடுத்து விற்றார்கள். கொலை மிரட்டல் அவருக்கு வந்தது. சில மாதங்களே இருந்தார். மொத்தத்தில் சுமார் 12,000 டாலர்தான் கிடைத்தது என்று 2019-இல் சொன்னார். எடுத்தவனையும் பார்த்தவனையும் நாம் கேட்க மறந்துவிடுகிறோம். பார்வையைத் தாழ்த்தும் கட்டளை நூர் அத்தியாயத்தில் முதலில் ஆண்களுக்குத்தான் வருகிறது, 30-ஆம் வசனத்தில். பெண்களுக்கு அடுத்த வசனத்தில்.

சீடன்: ஒருத்தி விட்டுவிட்டாலும் படங்கள் அழியாதே ஹஜ்ரத். தவ்பா கூடுமா?

குரு: விடுவது, வருந்துவது, திரும்பச் செய்வதில்லை என்று உறுதி கொள்வது: தவ்பாவுக்கு வேண்டியவை இவை. படத்தின் உரிமை கம்பெனியின் கையில் இருக்கிறது. நீக்கச் சொல்லிக் கேட்க வேண்டும், முடிந்த வழியெல்லாம் முயல வேண்டும். சக்திக்கு மீறியதை அல்லாஹ் எவர் மீதும் சுமத்துவதில்லை. அதன் பிறகும் பரப்புகிறவனின் கணக்கு பரப்புகிறவனுக்கு. கட்டாயத்தால் அதில் தள்ளப்பட்டவள் என்றால், அப்படிப்பட்ட பெண்களுக்கு மன்னிப்பு உண்டு என்பதை நூர் 33-ஆம் வசனமே சொல்லிவிட்டது.

சீடன்: தொழிலை விடாத நிலையிலேயே அப்படி ஒருத்தி நம் பள்ளிவாசலுக்கு வந்தால் நான் என்ன செய்வது?

குரு: பெண்கள் ஸஃபில் இடம் விடச் சொல். அவள் கேட்டால் ஹராம் என்பதை மழுப்பாமல் சொல். கேட்காதவரை அவள் பேச்சைக் கூட்டத்தில் எடுக்காதே. கடனிலோ பசியிலோ சிக்கியிருக்கிறாளா என்று விசாரி. இருந்தால் ஜகாத்திலிருந்து கொடு, வேறு வேலைக்கு ஆள் பிடித்துக் கொடு. விட்டுவிடு என்று சொல்கிற ஜமாஅத்துக்கு, விட்ட பிறகு அவள் வீட்டில் உலை கொதிக்கப் பார்த்துக்கொள்ளும் கடமையும் உண்டு.