உடலும் ஓர் அமானிதமே!



எங்கள் திருப்பருத்திக்குன்றத்திலும் காஞ்சிபுரத்திலும் பட்டையும் சரிகையையும் நிறுத்துத்தான் தறிக்காரரிடம் கொடுப்பார்கள். பட்டை நிறுக்கலாம், மனிதரை நிறுத்து மதிப்பிடலாமா?

மிஸ்வாக் குச்சிக்காக மரமேறிய ஹஜ்ரத் இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களின் மெலிந்த கால்களைக் கண்டு சிலர் சிரித்தார்கள். மறுமையின் மீஸான் தராசில் அக்கால்கள் உஹத் மலையைவிடக் கனமானவை என்றார்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள்.

நம் வீடுகளிலோ, "இப்படிப் பெருத்துவிட்டாயே, உன்னை யார் கட்டிக்கொள்வார்?" என்கிறோம். பிள்ளை நோன்பென்று சொல்லிப் பட்டினி கிடக்கிறாள். மெலிய வேண்டுமென்று மட்டும் கிடக்கும் பட்டினி இபாதத் ஆகாது. நிய்யத் அல்லாஹ்வுக்காக இருக்க வேண்டும்.

அதற்காக வயிறு புடைக்க உண்ணவும் சொல்லவில்லை. உண்ணவும் பருகவும் ஏவிய திருமறை (7:31) வரம்பு மீறுவதைத் தடுக்கிறது. வயிற்றில் மூன்றிலொரு பங்கு உணவுக்கு, ஒரு பங்கு நீருக்கு, ஒரு பங்கு மூச்சுக்கு என்பது நபிமொழி. பகலெல்லாம் நோன்பிருந்து, இரவெல்லாம் நின்று வணங்கிய அப்துல்லாஹ் இப்னு அம்ரு (ரலி) அவர்களிடம், உடலுக்கும் உரிமையுண்டு என நாயகம் (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள். உடல் அல்லாஹ் தந்த அமானிதம்.

தாய்மார்களே! நபியவர்கள் உணவைக் குறை கூறியதேயில்லை. நீங்கள் உண்பவரின் உடலைக் குறை கூறாதீர்கள். பிள்ளை உண்ண மறுத்து வாடினால் ஏசாமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் நாவுகளைக் காப்பானாக! ஆமீன்.