வாயினால் போட்ட கூரை



போன மழைக்காலத்தில் நம்ம சபையைச் சேர்ந்த ஒரு விதவைத் தாயார் வீட்டுக்கு ஜெபிக்கப் போனேன். ஓடுகள் உடைந்து, வீட்டுக்குள் நாலு இடத்தில் ஒழுகுகிற தண்ணீருக்குப் பாத்திரம் வைத்திருந்தார்கள். நான் கண்ணீரோடு ஜெபித்தேன். "கர்த்தர் பார்த்துக்கொள்வார் அம்மா" என்றேன். அவர்கள் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன். அன்று இரவு மழை கொட்டியது. எனக்குத் தூக்கம் வரவில்லை. யாக்கோபு 2:15,16 என் முன்னே நின்றது. வாயினாலே கூரை போட்டுவிட்டு வந்த ஊழியக்காரன் நான்!

அந்த நாட்களில்தான் மில்லர்ட் ஃபுல்லர் என்கிற சகோதரனைப் பற்றி வாசித்தேன். அமெரிக்காவில் அலபாமாவைச் சேர்ந்தவர், வக்கீல். முப்பது வயதுக்குள் கோடீஸ்வரன். ஆனால் வீட்டில் சமாதானம் இல்லை. 1965-ல் மனைவி லிண்டா அவரை விட்டுப் புறப்பட்டுவிட்டார். அவர் ஓடிப்போய், அழுது, ஒப்புரவானார். இருவரும் சொத்தையெல்லாம் விற்று ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார்கள். பிறகு ஜார்ஜியாவிலுள்ள கொய்னோனியா பண்ணைக்குப் போனார்கள். கொய்னோனியா என்றால் கிரேக்க பாஷையிலே ஐக்கியம். கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாய் வாழ்ந்ததற்காகத் துப்பாக்கிச் சூட்டையும் சகித்த இடம் அது. அங்கே கிளாரன்ஸ் ஜோர்டான் என்கிற தேவமனிதரோடு சேர்ந்து, ஏழைகளுக்கு வீடு கட்டும் பாரத்தைப் பெற்றார். 1976-ல் 'ஹேபிடாட் ஃபார் ஹியூமானிட்டி', 2005-ல் 'ஃபுல்லர் சென்டர் ஃபார் ஹவுசிங்' என்ற ஸ்தாபனங்களை ஆரம்பித்தார்.

அவர் பிடித்துக்கொண்ட வசனம் யாத்திராகமம் 22:25. ஏழையிடம் வட்டி வாங்காதே என்கிற கட்டளை! ஆகவே வட்டியும் இல்லை, லாபமும் இல்லை. வீடு பெறுகிறவனும் மற்றவர்களோடு நின்று வியர்வை சிந்தவேண்டும். அவன் திருப்பிக் கட்டும் பணம் அடுத்தவன் வீட்டுக்குப் போகும். இது பிச்சை அல்ல பிரியமானவர்களே, ஐக்கியம்!

2008-ம் வருஷம் இந்த ஊழியத்திற்காக ஒரு சைக்கிள் பயணம் ஆரம்பமானது. ஒரு கூட்டம் விசுவாசிகள் அமெரிக்காவின் மேற்குக் கடற்கரையிலிருந்து கிழக்குக் கடற்கரை வரை மிதித்தார்கள். ஆயிரக்கணக்கான கிலோமீட்டர்! பாலைவன வெயில், மலை ஏற்றம், எதிர்க்காற்று. இரவிலே வழியிலுள்ள சபைகளில் தரையில் படுக்கை. சில நாட்கள் சைக்கிளை நிறுத்திவிட்டு, சுத்தியலும் பெயின்ட் பிரஷும் எடுத்து ஒரு ஏழையின் வீட்டில் வேலை. பிறகு மறுபடியும் பயணம்.

இதிலே இரண்டு காரியம் என்னைத் தொட்டது.

ஒன்று, கூட்டமாய் மிதிக்கும்போது முன்னே போகிறவன் காற்றைத் தன் மார்பில் வாங்கிக்கொள்கிறான். பின்னே வருகிறவனுக்குப் பாரம் குறைகிறது. களைத்தால் இன்னொருவன் முன்னே வருவான். அமலேக்கியன் யாரை வெட்டினான்? பின்தங்கிய பலவீனரை (உபாகமம் 25:18). நம்ம சபையிலே பின்தங்கினவர்கள் யார்? நாம் திரும்பிப் பார்த்தோமா?

இரண்டாவது, அவர்கள் எல்லாரும் கொத்தனாரோ தச்சரோ அல்ல. நெகேமியா 3-ம் அதிகாரத்தை வாசியுங்கள். தட்டானும் தைலக்காரனும் அலங்கம் கட்டினார்கள். 12-ம் வசனத்தில் ஒரு பிரபுவின் குமாரத்திகளும் கட்டினார்கள். "எனக்கு அந்த வேலை தெரியாது பாஸ்டர்" என்று சொல்ல முடியாது. கல் எடுத்துக் கொடுக்கத் தெரியாதா?

ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்கு வீடு கட்டிய ஃபுல்லர் 2009-ல் மரித்தபோது, ஒரு சாதாரண மரப்பெட்டியில் அந்தப் பண்ணையிலேயே அடக்கம் பண்ணப்பட்டார்.

தேவ ஜனமே, எழுப்புதல் வேண்டும் என்று விடிய விடிய ஜெபிக்கிறோம். ஜெபிக்கத்தான் வேண்டும். ஆனால் ஆராதனையில் கையை உயர்த்துகிற நாம், அந்தத் தாயாரின் வீட்டில் ஒரு ஓட்டை மாற்றவில்லையே! அவர்களிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். நான் மன்னிப்புக் கேட்டபோது, "நீங்க ஜெபிச்சதுக்குத்தான் பதில் வருது ஐயா" என்றார்கள். எனக்கு வெட்கமாய் இருந்தது.

வருகிற சனிக்கிழமை காலை 7 மணிக்கு ஆலயத்தில் ஜெபம். முடிந்ததும் அந்த வீட்டுக்கு நடப்போம். சுத்தியல், ஏணி, ரீப்பர் கட்டை இருப்பவர்கள் கொண்டுவாருங்கள். சகோதரிகள் சமையலைப் பார்த்துக்கொண்டாலும் சரி, ஓடு எடுத்துக் கொடுத்தாலும் சரி. ஒன்றும் இல்லாதவர்கள் கையைக் கொண்டுவாருங்கள். ஏணியில் முதலாவது ஏறுவது நான்.

கர்த்தர் தாமே நம் கைகளின் கிரியையை ஆசீர்வதிப்பாராக. ஆமென்! அல்லேலூயா!