தோல் போர்த்தாத பரிசல்

ஒரு பழைய பரிசலைச் சரிசெய்யப் போய், என் அப்பா என்னோடு இருபது நாள் பேசாமல் இருந்தார். எழுபது வயதைத் தாண்டிய மனிதர். கோபம் வந்தால் கத்துவார், கொஞ்ச நேரத்தில் அடங்கிவிடுவார். இந்தத் தடவை கத்தவில்லை. வாசலில் நான் இறக்கி வைத்த மூங்கில் கூட்டைப் பார்த்து, ‘அந்தப் பொணத்த எதுக்குடா வூட்டுக்குக் கொண்டாந்த?’ என்று கேட்டார். அவ்வளவுதான். அதற்கு என்னிடம் அன்றைக்குப் பதில் இல்லை. பதில் தேடியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மேட்டூர் அணைத் தண்ணீரின் ஓரத்தில், கொளத்தூர் பக்கம். 1934இல் அணை கட்டி முடித்தபோது ஆற்றோரத்து ஊர்கள் தண்ணீருக்குள் போயின. கோடையில் தண்ணீர் நன்றாக வற்றினால் பண்ணவாடியில் பழைய கோயிலின் நந்தியும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். பத்திரிகைக்காரர்கள் வந்து படம் பிடித்துப் போவார்கள். எங்கள் வளவும் அப்படி மேடேறி வந்ததுதான். ஆனால் எவ்வளவு வற்றினாலும் அது வெளியே தெரியாது. தெரிவதற்கு அங்கே கல் கட்டடம் எதுவும் இல்லை. மண்சுவரும் ஓலையும் முதல் வெள்ளத்திலேயே கரைந்திருக்கும்.

நாங்கள் அருந்ததியர். வீட்டில் தெலுங்கும் தமிழுமாகக் கலந்து பேசுவோம். என் தாத்தா பரிசலுக்குத் தோல் போர்த்துகிறவர். இன்றைக்குப் பரிசல் என்றால் ஒகேனக்கல்லுக்குச் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் ஏறும் தார் பூசிய கூடைதான் எல்லாருக்கும் நினைவு வரும். முன்னே மூங்கில் கூட்டின்மேல் எருமைத் தோலையோ மாட்டுத் தோலையோ போர்த்துவார்கள். 1520 வாக்கில் விஜயநகரத்தைப் பார்த்த டொமிங்கோ பயஸ் என்ற போர்ச்சுக்கீசியர், கூடை போல வட்டமாக, வெளியே தோல் போர்த்திய ஓடங்களில் ஜனங்கள் ஆற்றைக் கடந்ததை எழுதி வைத்திருக்கிறார். பதினைந்து இருபது பேர் ஏறலாம், குதிரையையும் மாட்டையும்கூட ஏற்றலாம் என்கிறார். அந்தத் தோலை உரித்தது யார், தைத்தது யார் என்பது அவருடைய கண்ணில் படவில்லை. எழுதுகிறவர்கள் கண்ணில் அது எப்போதும் படுவதில்லை.

தாத்தா செய்த வேலையை நான் சிறுவனாக இருந்தபோது கேட்டுத் தெரிந்துகொண்டதுதான். உரித்த தோலைச் சுண்ணாம்பில் ஊறப்போட்டு மயிரைக் கழிப்பார். ஆவாரம் பட்டை இடித்த தண்ணீரில் பதப்படுத்துவார். தோல் வாராலேயே தோலோடு தோலைச் சேர்த்துத் தைப்பார். தையல் வாயில் கொழுப்பை வைத்து அழுத்தித் தேய்ப்பார். ஈரத்தோடு கூட்டின்மேல் இழுத்து விளிம்பில் கட்டினால், காயக் காயத் தானாக இறுகிக்கொள்ளும். தோல் பரிசலை நாள் முழுக்கத் தண்ணீரில் விட்டு வைக்க முடியாது, ஊறிப் போகும். வேலை முடிந்ததும் கரையேற்றிக் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும்.

அவர் போர்த்திய பரிசலில் ஊர்க்காரர்கள் ஏறினார்கள். கோயில் காரியத்துக்குப் போகிறவர்களும் ஏறினார்கள். செத்த எருமையின் தோல்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்துதான் அக்கரைக்குப் போனார்கள். அந்தத் தோலைத் தைத்தவர் அதே பரிசலில் ஏறினால் தீட்டு. கடைசி நடைக்கு ஆள் ஏறி முடியும்வரை தாத்தா கரையில் நிற்பாராம்.

இது பரிசலோடு முடிந்த கதை இல்லை. பம்புசெட் வருவதற்கு முன்னால் இந்தப் பக்கத்துக் கிணறுகளில் கவலை ஓட்டித் தண்ணீர் இறைத்தார்கள். கவலைக்குப் பறியும் தும்பியும் தைத்துக் கொடுத்தது எங்கள் ஆட்கள். எங்கள் கை தைத்த தோல் கிணற்றுக்குள் இறங்கும், முங்கும், தண்ணீரோடு ஏறும். அந்தத் தண்ணீர் வயலுக்கும் பாயும், மாட்டுத் தொட்டிக்கும் போகும். தைத்த கை மட்டும் கிணற்றைத் தொடக் கூடாது. தோல் தீட்டு என்றால் தண்ணீர் அல்லவா முதலில் தீட்டாக வேண்டும்? அப்படி யாரும் சொன்னதில்லை. அப்படியானால் தீட்டு தோலில் இருந்ததில்லை. அது எங்கே வேண்டுமோ அங்கே மட்டும் வைக்கப்பட்டது.

தாத்தாவுக்குச் சொந்தமாக ஒரு பரிசல் கிடைத்தது கூலி பாக்கியில். பல வருசத்துப் பாக்கிக்குப் பதிலாக ஒரு பழைய கூட்டைக் கொடுத்தார்களாம். அதை வைத்து ராத்திரியில் வலை போட்டு மீன் பிடித்திருக்கிறார். உள்ளே ஊறும் தண்ணீரை மொண்டு ஊற்ற ஒரு நசுங்கின அலுமினியப் போசி. பின்னாளில் அந்தக் கூடு போய், அதே அளவில் இன்னொன்று முடையச் சொல்லி வைத்துக்கொண்டார். நான் கொண்டுவந்தது அந்த இரண்டாவது கூடுதான். அவர் 1988இல் இறந்தார். பெரியப்பா வீட்டு அடுப்படிக் கொட்டகையின் விட்டத்தில் கவிழ்ந்தபடி தொங்கிக்கொண்டே கிடந்தது. புகை பட்டுப் பட்டு மூங்கில் கருத்துப்போயிருந்தது. அந்தப் புகைதான் அதைக் காப்பாற்றியும் வைத்திருந்தது, இல்லாவிட்டால் என்றைக்கோ உளுத்து மாவாகியிருக்கும்.

கொட்டகையைப் பிரிக்கும்போது அதை அடுப்புக்கு உடைக்கப் போனார்கள். நான் தூக்கி வந்துவிட்டேன். குறுக்கே ஏழடி. விளிம்பு இரண்டு இடத்தில் பிரிந்திருந்தது. அடிப்பக்கத்துப் பத்தைகளில் பதினொன்று இற்றுப்போயிருந்தன. பச்சை மூங்கில் வாங்கிப் பிளந்து, தண்ணீரில் ஊறப்போட்டு, ஒவ்வொரு பத்தையாக உருவிப் புதுசைச் செருகினேன். ஆபீஸ் வேலை பார்க்கிற கை, நாலாவது நாளே கிழிந்துபோனது. பிடியும் மாற்றி அலகும் மாற்றிய அருவாளை ‘எங்க தாத்தா அருவா’ என்று சொல்வது மாதிரித்தானே இது என்று சிரிப்பும் வந்தது. ஆனாலும் முடைச்சலின் ஓட்டம் மாறவில்லை. பழைய பத்தை எந்த வழியில் போயிருந்ததோ அந்த வழியில்தான் புதுப் பத்தையும் போயாக வேண்டும்.

கூடு தயாரானதும் கேள்வி வந்தது. மேலே எதைப் போர்த்துவது?

நாட்டார் கலைகளில் ஈடுபாடுள்ள ஒரு நண்பர் வந்து பார்த்தார். ‘தோல் போடுங்க தோழர். சாக்கும் தாரும் போட்டா ஊருல ஆயிரம் பரிசல்ல இது ஒண்ணு. தோல் போட்டா இது நம்ம தொழில்நுட்பத்துக்குச் சாட்சி’ என்றார். எனக்கும் அது சரி என்றே பட்டது. தோல்கூட விசாரித்து வைத்துவிட்டேன். அப்பா இதையெல்லாம் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். பேசவில்லை.

இந்த விவாதம் நமக்குப் புதிதில்லை. அம்பேத்கர் நூற்றாண்டை ஒட்டி 1990களில் பறையை வைத்து இதையேதான் பேசினோம். சாவுக்கு அடிக்கச் சொல்லித் திணிக்கப்பட்ட பறையைத் தூக்கி எறிவதா, நம்முடைய இசை என்று தலைநிமிர்ந்து மேடையில் அடிப்பதா? இரண்டு பக்கமும் நியாயம் இருந்தது. எறியச் சொன்னவர்கள் கலையை வெறுத்தவர்கள் இல்லை. அடிக்கச் சொன்னவர்கள் அடிமைத்தனத்தை விரும்பியவர்களும் இல்லை.

அம்பேத்கர் 1956 அக்டோபர் 15ஆம் நாள் நாக்பூரில் பேசியபோது ஒரு பழைய சண்டையை நினைவுகூர்ந்தார். செத்த மாட்டைத் தூக்க வேண்டாம் என்று அவர் சொன்னபோது, தோல், கொம்பு, எலும்பு என்று கணக்குப் போட்டு, இதனால் உங்கள் ஜனங்களுக்கு வருசம் ஐந்நூறு ரூபாய் நட்டம் என்று பத்திரிகையில் எழுதினார்களாம். அந்த லாபத்தை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள், மேலே நானும் ஐந்நூறு தருகிறேன் என்றாராம் அவர். வேலை நல்லது, வருமானம் உண்டு, ஆனால் நாங்கள் செய்ய மாட்டோம் என்பவர்களுக்கு இதைவிடப் பதில் என்ன வேண்டும்? 2016இல் குஜராத்தின் உனாவில் செத்த மாட்டின் தோலை உரித்ததற்காகத் தலித் இளைஞர்களைக் கட்டிவைத்து அடித்தார்கள். அதற்குப் பிறகு அங்கே தலித்துகள் செத்த மாடுகளைக் கொண்டுபோய்ச் சுரேந்திரநகர் கலெக்டர் ஆபீஸ் முன்னால் போட்டார்கள். உரித்தாலும் அடி, உரிக்காவிட்டாலும் அடி என்கிற இடத்தில், எங்களால் முடியாது என்பதையே ஆயுதமாக எடுத்தார்கள்.

இதெல்லாம் படித்தவன்தான் நான். படித்ததை வாசலில் கிடந்த பரிசலோடு சேர்த்துப் பார்க்கத்தான் தெரியவில்லை.

இருபதாம் நாள் சாயங்காலம் அப்பா தானாகவே வந்து பரிசல் பக்கத்தில் உட்கார்ந்தார். விளிம்பில் நான் சுற்றியிருந்த கட்டைத் தடவிப் பார்த்தார். ‘இது தளந்துபோவும்’ என்று சொல்லிக் கத்தியை வாங்கிப் பிரித்துக் கட்டினார். கட்டிக்கொண்டே பேசினார்.

‘ஆறாவது படிக்கறப்ப. முழுப் பரீட்ச. அன்னிக்குக் காலைல ஊருக்குள்ள எரும செத்துப்போச்சு. ஆள் வந்து கூப்புட்டாச்சு. உங்க தாத்தனுக்கு ஒத்த ஆளா பொரட்ட முடியாது. என்னைய வான்னாரு. பரீட்ச இருக்குதுன்னேன். சாமிங்க கூப்புட்டா போவாம இருக்க முடியுமான்னாரு. கால் சட்டயோட போயி காலப் புடிச்சேன். மத்தியானம் பள்ளிக்கூடத்துக்குப் போனா, வாடை அடிக்குது வெளிய நில்லுன்னாங்க. நின்னேன். அப்பறம் போவவே இல்ல. அந்தத் தோலும் ஏதோ ஒரு பரிசலுக்குத்தான் போச்சு. எதுக்குப் போச்சோ. அதுல ஏறிப் போனவனுக்கு என்ன தெரியும்?’

நான் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, கேட்கக் கூடாத நேரத்தில், கேட்டேவிட்டேன். ‘தோல் தீட்டுன்னு அவங்கதானப்பா சொன்னாங்க. நாமளும் வேண்டாம்னா அவங்க சொன்னத ஒத்துக்கிட்ட மாதிரி ஆவாதா?’

அப்பா தன் காலைக் காட்டினார். தோல் செருப்பு. ‘தோலு என்னடா பண்ணுச்சு? தோல்ல ஒண்ணுமில்ல. கூப்புட்டா போயாவணும்னு இருந்துது பாரு, அதுதான். நான் ஃபேக்டரில மூட்ட தூக்குனேன். முதுகு போச்சு. ஆனா வரமாட்டேன்னு சொல்லிட்டு வூட்ல படுத்துக்கலாம். கூலிதான் போவும்.’

இதைவிடத் தெளிவாக இந்தப் பிரச்சினையை எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை. தோல் ஏற்றுமதி செய்கிற முதலாளியைத் தோலுக்காக யாரும் தெருவில் ஒதுக்கி வைப்பதில்லை. ஒரு வேலையைச் செய்ய மாட்டேன் என்று சொல்ல முடிகிறபோதுதான் அது தொழில், அதில் உள்ள திறமை கலை. சொல்ல முடியாதபோது அது தண்டனை. தாத்தாவின் விரல்களில் இருந்தது கலைதான், அதில் சந்தேகமில்லை. ஏழடிப் பரிசலில் ஒரு சொட்டுத் தண்ணீர் புகாமல் தைத்த கை அது. ஆனால் அந்தக் கலைக்குள்ளே ஒரு பையனின் பரீட்சையும் சேர்த்துத் தைக்கப்பட்டிருந்தது. தையலை மட்டும் தனியே பிரித்தெடுத்துப் பாரம்பரியம் என்று காட்டினால், பையனை மறுபடியும் வெளியே நிறுத்துகிறோம்.

மீட்டெடுப்பது என்று நாம் பேசுகிறபோதெல்லாம் முன்னோர் செய்ததை மட்டுமே கணக்கில் எடுக்கிறோம். அவர்கள் செய்ய மறுத்ததை எடுப்பதில்லை. பறை நம் மரபு என்றால், பறையைக் கீழே வைத்துவிட்டு அடி வாங்கியவர்களும் நம் மரபுதான். தாத்தாவின் தையல் எனக்குச் சொத்து என்றால், இனிமேல் தோலைத் தொட மாட்டேன் என்று அப்பா சொன்னாரே, அதுவும் எனக்குச் சொத்து. இரண்டில் அப்பாவுடையதற்குத்தான் அதிக விலை கொடுக்கப்பட்டிருக்கிறது.

இதைச் சட்டமாகச் சொல்லவில்லை. நாளைக்கு என் மகள் தோல் வேலை கற்றுக்கொண்டு, தன் இஷ்டத்துக்கு ஒரு பரிசலுக்குத் தோல் போர்த்தினால் நான் சந்தோசப்படுவேன். அவளை யாரும் கூப்பிட்டு அனுப்ப முடியாது. அப்பா உயிரோடு இருக்கிற வீட்டில், அவர் கண் முன்னால், அவரைக் கேட்காமல் நான் செய்வது வேறு. உரிமை எனக்கு இருந்தது. அவருடைய காயத்தின்மேல் ஏறி நின்று அதைச் செலுத்துவது நியாயம் இல்லை.

உரச்சாக்குகளைப் பிரித்துத் தைத்துக் கூட்டின்மேல் இழுத்துக் கட்டினோம். தகர டின்னில் தாரை உருக்கி இரண்டு பூச்சு. ‘அடிப்பக்கம் இன்னொண்ணு குடு’ என்று அப்பா மூன்றாவது பூச்சைத் தானே பூசினார். மீன் பிடிக்க உரிமம் வைத்திருக்கிற பெரியப்பா மகனிடம் பரிசலைக் கொடுத்துவிட்டேன். விட்டத்தில் தொங்குவதற்கா அதைச் சரிசெய்தோம்? முதல் நாள் தண்ணீரில் விட்டபோது ஒரு ஓரத்தில் லேசாக ஊறியது. கரையேற்றி மறுபடி தார் வைத்தோம். இப்போது ஊறுவதில்லை.

நண்பர் அதன் பிறகு வந்து பார்த்தார். தோல் போடாமல் விட்டதில் அவருக்கு வருத்தம்தான். ஏன் போடவில்லை என்று கேட்டார். அப்பாவின் பரீட்சையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘இதையும் எழுதி வைங்க தோழர்’ என்றார்.

எழுதிவிட்டேன்.